ரொட்டிப் பிள்ளையும் என் கணவரின் கல்லீரலும்

சான் ரோக்கே,
அக்டோபர் கடைசி ஞாயிறு.

“வடக்கின் குரல்” நாளிதழின் ஆசிரியர் திரு. காசியானோ புஸ்தோஸ் அவர்களுக்கு,

மரியாதைக்குரிய ஐயா,

தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர்களும் இறையருளால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். என் வீட்டின் மேற்குச் சுவர் நலமில்லை. அது நகராட்சியின் சாக்கடை தொடர்பானது, அதற்குத் தனிக் கடிதம் வரும். கடிதம் எழுதுவது எப்படி என்று மடத்துப் பள்ளியில் அருட்சகோதரி குளோத்தில்த் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது, முதலில் வாழ்த்து, அடுத்து நன்றி, அதன் பிறகே குறை என்று சொன்னார். வாழ்த்து முடிந்தது. நன்றி சொல்ல ஒன்று இருக்கிறது: போன ஞாயிறு தங்கள் இதழ் நனையாமல் என் வாசலுக்கு வந்து சேர்ந்தது. இனிக் குறைகள்.

அந்த இதழின் மூன்றாம் பக்கத்தில், என் கணவரும் இம்மாகாணத்தின் முன்னாள் ஆளுநருமான எலாதியோ மெந்தியேத்தாவைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ஊர்ச் சதுக்கத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை திறக்கப்போகிறார்கள் என்பதால் எழுதிய கட்டுரை அது. “கழுகுப் பார்வை கொண்டவர்” என்கிறீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவருக்கு நீதிபதிக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. “மக்கள் கடலில் நீந்தி மகிழ்ந்தவர்” என்கிறீர்கள். நான்கு பேர் சேர்ந்து நின்றால் அவருக்கு மூச்சு முட்டும். இவற்றை மன்னித்துவிட்டேன், சிற்பியும்தான் அவருக்குத் தலை நிறைய முடி வைத்திருக்கிறார். ஆனால் கடைசிப் பத்தியில், “கல்லீரல் நோய் காரணமாகத் தம் பதவியைத் துறந்தார்” என்று ஒரு வரி இருக்கிறது. ஐயா, என் கணவரின் கல்லீரலை அவர் இறக்கும் நாள்வரை கவனித்துவந்தவள் நான். இந்த மாகாணத்தில் ஒழுங்காக வேலை செய்த மிகச் சில உறுப்புகளில் அதுவும் ஒன்று. அந்த வரியை நீக்கி உண்மையை அச்சிட வேண்டும். இது என் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை. சிலைக்கு ஞானத்தாயாக நின்று ரிப்பனை இழுக்கப்போகிறவர் ரெமெதியோஸ் லூனா அம்மையார் என்று விழாக் குழுவினர் எனக்குத் தெரிவித்திருக்கிறார்கள். காலஞ்சென்ற பால்தசார் லூனாவின் மனைவி அவர். சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் இருக்கும் மஞ்சள் வீடு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வெளியே வரும்போது அவர் என்னைப் பார்த்து, “நல்லாருக்கீங்களா, சம்மந்தி?” என்று கேட்பார். ஒவ்வொரு ஞாயிறும் நான் புனித ரோக்கின் காலடியில் இருக்கும் நாயின் சுரூபத்தைப் பார்ப்பேன். அந்த நாயின் முகம் எனக்கு மனப்பாடம். அவர் ரிப்பனைத் தொட்டால் நான் விழாவுக்கு வரமாட்டேன். ஏன் என்பதையும் தாங்கள் வெளியிட வேண்டும். அதற்காகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் கணவர் தேசியக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தார். அந்நாளில் மாகாண ஆட்சியை லூனா குடும்பமும் பெரால்தா குடும்பமும் மாறி மாறி வைத்திருந்தன. இரண்டுமே கரும்பாலைக் குடும்பங்கள். அந்த ஆண்டு ஒரு பந்தயக் குதிரையை முன்னிட்டு அவர்களுக்குள் சண்டை மூண்டது. யார் ஜெயித்தாலும் குதிரைக்கு அவமானம் என்ற நிலையில், இரு தரப்புக்கும் ஆபத்தில்லாத ஓர் ஆளைத் தேடினார்கள். கணித ஆசிரியர் அகப்பட்டார். தேர்தல் கூட்டத்தில் அவர் ஒரு கரும்பலகையைக் கொண்டுவரச் செய்து, தாழ்வான பேட்டைக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மக்கள் அமைதியாகப் பார்த்தார்கள். கணக்கு முடிந்து பலகையை அழித்தபோது பலமாகக் கை தட்டினார்கள். அதை ஆதரவு என்று அவர் எடுத்துக்கொண்டார். அரசியலில் அவர் வேறு எதையும் பெரிதாகத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை.

பதவிக்கு வந்தவுடன் அலுவலகங்களைப் பகல் உறக்க நேரத்திலும் திறந்துவைக்க உத்தரவிட்டார். ஊழியர்கள் கீழ்ப்படிந்தார்கள். தலையணையோடு வந்தார்கள். பிறகு ரொட்டியின் எடைக்குச் சட்டம் கொண்டுவந்தார். அது நல்ல சட்டம். இன்றைக்கும் நாம் முழு எடைக்கு ரொட்டி சாப்பிடுவது அவரால்தான். ஒரு பித்தளைத் தராசைக் காவலர் ஒருவர் தலையில் சுமந்து வர, அவரே கடை கடையாகப் போய் நிறுத்துப் பார்ப்பார். ரொட்டிக்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டதும் மாவு பிசைவதை நிறுத்திவிட்டுச் செபம் சொல்வார்கள்.

மூன்றாவதுதான் சம்பந்திச் சட்டம். எங்கள் ஊர் வழக்கம் தங்களுக்குத் தெரியும். ஆனால் தங்கள் இதழைத் தலைநகரிலும் படிக்கிறார்களாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானஸ்நானத்தில் ஒரு குழந்தையைத் தூக்கி அதற்கு ஞானத்தகப்பனாக நிற்பவனும் அந்தக் குழந்தையைப் பெற்றவர்களும் அன்றிலிருந்து சம்பந்திகள். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், சம்பந்தியோடு கூடாது. சம்பந்தி கேட்டதை மறுக்கக் கூடாது, சம்பந்தியைப் பற்றித் தாழ்வாகப் பேசக் கூடாது. பிள்ளையைத் தூக்கச் சொல்லி ஒருவர் வந்து கேட்டால் முடியாது என்று சொல்வது பாவம். அதனால் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சம்பந்தி. நீதிபதி குற்றவாளிக்குச் சம்பந்தி, வரி கேட்பவர் வரி கட்டாதவருக்குச் சம்பந்தி. என் கணவர் இதையெல்லாம் ஒரு கோடு போட்டு முடித்துவைத்தார்: எந்த அதிகாரியும் தன் சம்பந்தியிடம் வரி கேட்கவோ, தீர்ப்புச் சொல்லவோ, அவரைப் பற்றிய ஆணையில் கையெழுத்திடவோ கூடாது, அந்த வேலையைச் சம்பந்தி அல்லாதவர் செய்ய வேண்டும்.

மறுநாளே மாகாணத்தில் வேலை செய்யத் தகுதியானவர் ஒருவரும் இல்லை என்று தெரிந்தது.

ஆகவே கரும்பாலைகளுக்கு வரி போட, துறைமுகப் பக்கத்திலிருந்து பேத்தர்சென் என்ற ஒருவரை வரவழைத்தார். உயரமானவர், சிவந்தவர், டென்மார்க்கிலிருந்து குடியேறியவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் புராட்டஸ்தாந்து. நம் கோவிலில் ஞானத்தகப்பனாக நிற்க அவரால் முடியாது. என் கணவர் அன்று இரவு உணவின்போது கைகளைத் தேய்த்துக்கொண்டார். அதுபோல் அவர் செய்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

பால்தசார் லூனா பேத்தர்செனை ரயிலடியிலேயே வரவேற்றார்.

“ஐயா, தப்பா நெனக்காதீங்க, ஒரு சின்ன உதவி. நம்ம கடைசிப் பையனுக்கு முதல் முடி எடுக்கணும். கத்திரிக்கோல் பிடிக்க ஒரு நல்ல கை வேணும்.”

“நான் உங்க கோயில் ஆள் இல்லையே.”

“முடிக்கு ஏதுங்க கோயில்?”

சாயங்காலம் பேத்தர்சென் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டையில் எம்பனாதா என்ற இறைச்சிப் பணியாரத்தின் நெய் வழிந்திருந்தது.

“கவர்னர் ஐயா, நான் ஒரே ஒரு கொத்து முடிதான் வெட்டினேன். அதுக்கு அந்த வீட்டுல எல்லாரும் என்னக் கட்டிப்பிடிச்சு சம்மந்தி சம்மந்தின்னு அழறாங்க. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?”

“அந்தப் பையனுக்கு வயசென்ன?” என்று என் கணவர் கேட்டார்.

“பதினாலு இருக்கும். மீசை முளைச்சிருக்கு.”

“பதினாலு வயசுல முதல் முடியா?”

“இத்தனை நாளா தகுதியான ஆள் கெடைக்கலையாம் ஐயா.”

பெரால்தா வீட்டார் சும்மா இருப்பார்களா? அவர்கள் வீட்டுக் கூரைக்கு முதல் ஓடு வைக்க பேத்தர்சென் அழைக்கப்பட்டார். கூரைக்கு ஞானத்தகப்பன் ஆனார். பிறகு ஒருவர் லாரிக்கு. ஒருவர் கிணற்றுக்கு. ஓர் ஆட்டுக்கடா விஷயம்கூட என் காதுக்கு வந்தது, நான் விசாரிக்கவில்லை. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தன் நாட்டில் யாரும் தன்னைக் கட்டிப்பிடித்ததே இல்லை என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். கார்னிவல் திருவிழா வருவதற்குள் அவருடைய இடுப்புப் பட்டைக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. வரி மட்டும் ஒரு செந்தாவோ காசுகூட வசூலாகவில்லை.

என் கணவருக்கு ஓட்டை என்றால் அடைக்க வேண்டும். சட்டத்தில் ஒரு திருத்தம் எழுதினார்: ஞானஸ்நானம் மட்டுமல்ல, “மக்கள் சம்பந்தம் என்று மதிக்கும் எந்தச் சடங்கின் வழியாக ஏற்படும் உறவும்” சம்பந்தமே ஆகும். எனக்குப் படித்துக்காட்டினார். வாக்கியம் நீளம் என்று சொன்னேன். அவர் நீளத்தைக் குறைக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆளுநர் இந்த மாகாணம் முழுவதற்கும் அதிகாரி என்பதால் அவர் யாருக்குமே சம்பந்தியாகக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். அவர் தூக்கக் கூடாது என்றால் நானும் தூக்கக் கூடாது. ஆளுநர் மாளிகைக்குக் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களை வாசலிலேயே நிறுத்தி, என் கணவரின் நிலைப்பாட்டை அவர்களுக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் வருவது நின்றது. எங்களுக்குச் சொந்தமாகக் குழந்தை இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். என் வயதுப் பெண்களுக்கெல்லாம் கார்னிவலுக்கு முந்தைய வியாழக்கிழமை, சம்பந்திகள் ஒருவர்மேல் ஒருவர் மாவு பூசிக்கொள்ளும் அந்த நாளில், வீடு கொள்ளாமல் ஆள் வரும். நான் சன்னலை மூடிவிட்டுத் தைப்பேன். என் உடைகளில் ஒருபோதும் மாவு பட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இனி, தங்கள் கட்டுரையில் கல்லீரலாகிவிட்ட சம்பவத்துக்கு வருகிறேன்.

புதிய கரும்பாலை வரி மசோதா சட்டசபையில் நிறைவேறியது. லூனா வீட்டாரும் பெரால்தா வீட்டாரும் இன்னும் குதிரையைப் பற்றிப் பேசிக்கொள்ளாமல் இருந்ததால் அதைத் தடுக்க அவர்களால் ஒன்றுசேர முடியவில்லை. அந்த வரியிலிருந்துதான் தாழ்வான பேட்டைக்கு வாய்க்கால் வர வேண்டும். ஆளுநர் கையெழுத்து ஒன்றே பாக்கி. நவம்பர் முதல் வாரத்தில் கையெழுத்திடுவதாக அறிவித்தார். இடையில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்கு ஊரில் ரொட்டி விற்பனை அதிகம் என்பதால் அவர் தராசோடு கிளம்பினார். கல்லறைக்குப் போய்விட்டு வந்த நானும் உடன் இருந்தேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில், வழக்கம்போல், இறந்தவர்களின் படையலுக்கான ரொட்டிகள் வரிசையாக இருந்தன: ஏணி, புறா, நட்சத்திரம். ஒரு மேசையின்மேல் ஒரு கூடையில் ரொட்டிப் பிள்ளை ஒன்று படுத்திருந்தது. நிசப் பிள்ளை அளவு. சர்க்கரையால் கண், மூக்கு; கழுத்தில் ரோஜா நிற ரிப்பன்; தலையில் லேஸ் தொப்பி. இந்த ரொட்டிப் பிள்ளைகளுக்குச் சந்தைப் பெண்கள் விளையாட்டாக ஞானஸ்நானம் கொடுப்பார்கள். விளையாட்டு என்று சொல்கிறேனே தவிர, அதில் ஏற்படும் சம்பந்தத்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. என் கணவர் மலைப்பக்கத்து ஊரில் பிறந்தவர், கணிதம் படித்தவர்; அவருக்கு இது தெரியாது. நான் மடத்தில் வளர்ந்தவள். ரொட்டிக்கு ஞானஸ்நானம் என்ற பேச்சையே அங்கே எடுக்க முடியாது.

“இது என்ன எடை?” என்று கேட்டார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவள் கையை உதறினாள். “ஐயோ, இது விக்கிறதுக்கு இல்லீங்க ஐயா. வேண்டிக்கிட்டது.”

“ரொட்டியா, இல்லையா?”

“ரொட்டிதான்.”

“ரொட்டின்னா எடை உண்டு. குடும்மா இப்படி.”

“ஐயா, ஐயா! தலகீழாப் புடிக்காதீங்க! பிள்ளைக்கு ரத்தம் ஏறிடும்!”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையை நேராக்கி, இடக்கையில் ஏந்தியபடி வலக்கையால் தராசுத் தட்டைத் துடைத்தார். அந்த நேரத்தில் நாவிதன் சின்ஃபொரோசோ சாக்குத் துணியில் தைத்த அங்கியோடு கூட்டத்திலிருந்து புறப்பட்டு வந்து, துளசிக் கொத்தை வாளியில் நனைத்து அவர்மேலும் பிள்ளைமேலும் தெளித்தான். அவன் சொன்ன செபத்தை நான் இங்கே எழுதமாட்டேன். பிள்ளைக்கு எலாதியோ என்று பெயரிட்டான். கொட்டு முழங்கியது. கூட்டம் விலகியது, பின்னாலிருந்து ரெமெதியோஸ் லூனா கைகளை விரித்துக்கொண்டு வந்தார்.

“என் அடுப்புல வெந்த பிள்ளை! கவர்னரே தூக்கிட்டாரே! வாங்க சம்மந்தி, வாங்க!”

என் கணவர் கண்ணாடியிலிருந்த நீரைத் துடைத்தார். பிறகு தராசில் வைத்துப் பார்த்தார். எடை சரியாக இருந்தது. அதையும் உரக்கச் சொன்னார். வழக்கப்படி பிள்ளையைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அவருக்கு ஒரு கால் கிடைத்தது. தின்றார். “உள்ள வேகல” என்றார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். நான் கையுறை அணிந்திருந்தேன்.

அன்று இரவு உணவின்போது அவர் தம் சட்டத் திருத்தத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். சூப் ஆறியது.

“அது ரொட்டி, எலாதியோ” என்றேன்.

“சட்டத்துல ரொட்டி கூடாதுன்னு எங்க இருக்கு, ஒர்தென்சியா?”

“நாளைக்கு யாராவது ஒரு பூசணிக்காய உங்க கைல குடுத்தா?”

“மக்கள் அத மதிக்கிறாங்களான்னு பாக்கணும். அதுதானே நான் எழுதினது.”

“ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். கூரைக்கும் லாரிக்கும் சம்மந்தி ஆனவங்கள நான் தடுத்திருக்கேன். எனக்கு மட்டும் வேற சட்டமா?”

ஆறிய சூப்பை எடுத்துப்போய்ச் சுடவைத்தேன். அவரை நான் மணந்ததே இந்தப் பிடிவாதத்துக்காகத்தான்.

மறுநாள் பால்தசார் லூனா வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள் ஒரு மூட்டை சர்க்கரையைத் தூக்கி வந்தார்கள்.

“சம்மந்தி வீட்டுக்கு வெறுங்கையோட வர முடியுமா?”

“லூனா, நான் கவர்னர். இத வாங்கக் கூடாது.”

“வாங்காதீங்க கவர்னரே. ஆனா சம்மந்தி குடுத்தத சம்மந்தி திருப்பி அனுப்ப முடியாதே.”

இரண்டும் சரி என்பதால் மூட்டை கூடத்திலேயே நின்றது. ஏற்றுக்கொள்ளவும் முடியாமல், திருப்பி அனுப்பவும் முடியாமல் நாங்கள் அதைச் சுற்றி நடந்தோம். அதை எறும்புகள் தீர்த்துவைத்தன. சமையற்காரி பெத்ரோனா, “எறும்பு எந்தக் கட்சியோ தெரியலம்மா” என்றாள்.

லூனா சம்பந்தி ஆகிவிட்டதால் வரி மசோதாவில் ஆளுநர் கையெழுத்திட முடியாது என்றால் துணை ஆளுநர் இட வேண்டும். அவர் லூனாவின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். அடுத்து சட்டசபைத் தலைவர். அவர் இரண்டாவது மகளுக்கு. இப்படி இறங்கிக்கொண்டே போய், கடைசியில் சம்பந்தமே இல்லாதவர் சிறைக் காவலாளி ஒருவர் என்று கண்டுபிடித்தார்கள். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆயரிடம் கருத்துக் கேட்டார்கள். ரொட்டிக்கு ஆன்மா இல்லை என்று ஆயர் உறுதியாகச் சொன்னார். ஆனால் சம்பந்திகள் பெரும்பாலும் ஆன்மாவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். சட்டசபையில் பெரால்தாவின் ஆள் எழுந்து, சாட்சிப் பொருளான பிள்ளை எங்கே என்று கேட்டார். ஆளுநர் தின்றுவிட்டார் என்று பதில் வந்தது. அவைக் குறிப்பில் அது இன்னும் இருக்கிறது.

என் கணவர் அன்று மாலையே பதவி விலகினார். தான் போய்விட்டால் சம்பந்தி அல்லாத ஒருவர் வந்து வாய்க்காலுக்குக் கையெழுத்திடுவார் என்று கணக்குப் போட்டார். புதிதாக வந்தவர் முதலில் சம்பந்திச் சட்டத்தை நீக்கினார், பிறகு வரி மசோதாவை நீக்கினார், பிறகு லூனா வீட்டில் விருந்து சாப்பிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பால்தசார் லூனா தன் சொந்தச் செலவில் வாய்க்காலை வெட்டினார். தாழ்வான பேட்டைவரை, என் கணவர் கரும்பலகையில் போட்ட அதே அளவில். யாரோ ஏன் என்று கேட்டதற்கு, “சம்மந்தி ஊருக்குக் குடுத்த வாக்கு. அவரால முடியல, நான்தான் செய்யணும். சம்மந்தம்னா சும்மாவா?” என்றாராம். வாய்க்கால் மதகில் லூனா என்று பெயர் பொறித்திருக்கிறது. வரியாகக் கேட்டபோது கொடுக்க மறுத்ததை, ஒரு ரொட்டிக் காலுக்காக இரட்டிப்பாகக் கொடுத்தார். என் கணவர் வாழ்நாள் முழுவதும் எதற்கு எதிராக நின்றாரோ, அதுவே அவர் விரும்பியதை நிறைவேற்றியது. அவர் இறக்கும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான். மாலையில் மட்டும் மதகுவரை நடந்துபோய் நீர்மட்டத்தைக் கைத்தடியால் அளந்து பார்ப்பார். சரியாக இருக்கிறது என்று வந்து சொல்வார்.

ஆகவே, ஐயா, தாங்கள் அச்சிட வேண்டியது இது: “ஆளுநர் மெந்தியேத்தா எந்த நோயாலும் பதவி விலகவில்லை. ரொட்டியே ஆனாலும், சட்டப்படியும் வழக்கப்படியும் அது சம்பந்தமே என்று தமக்கெதிராகத் தாமே தீர்ப்புச் சொல்லி விலகினார்.” சிலையின் கீழேயும் இதைப் பொறிக்கலாம், வாக்கியம் நீளம்தான், அவருக்குப் பிடிக்கும். கூடவே, அவரை அந்த நிலைக்குத் தள்ளிய ரொட்டியைச் சுட்ட பெண்மணி அவர் சிலையின் ரிப்பனைத் தொடக் கூடாது என்பதையும், அவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்பதையும் தெளிவாக வெளியிட வேண்டும்.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. தங்கள் அச்சகத்தின் மேல் புனித ரோக்கின் காவல் எப்போதும் இருக்கட்டும், நாயின் காவலும். தங்கள் இதழ் நீடூழி வெளிவர வேண்டும், முடிந்தவரை பிழையின்றி.

தங்கள் உண்மையுள்ள,
ஒர்தென்சியா, எலாதியோ மெந்தியேத்தாவின் மனைவி

பின்குறிப்பு, நவம்பர் 3:

திருநாட்களுக்காக அஞ்சல் நிலையம் மூடியிருந்ததால் இந்தக் கடிதம் என் மேசையிலேயே கிடந்தது. நேற்றுப் பிற்பகல், நான் கல்லறையிலிருந்து திரும்பிய சற்று நேரத்தில், கதவு தட்டப்பட்டது. என்னைக் கேட்காமலே பெத்ரோனா திறந்துவிட்டாள். அவளிடம் பிறகு பேசிக்கொள்கிறேன். கைத்தடியும் துணி மூடிய கூடையுமாக ரெமெதியோஸ் லூனா நின்றிருந்தார்.

“உக்காரச் சொல்ல மாட்டீங்களா? முழங்கால் கெஞ்சுது.”

“உக்காருங்க.”

“நான் ரிப்பன் இழுக்கக் கூடாதுன்னு பேப்பருக்கு எழுதியிருக்கீங்களாமே. பெத்ரோனா சொன்னா.”

ஒருவர் முதுகுக்குப் பின்னால் எழுதியதை அவர் முகத்துக்கு நேரே படிக்க எனக்குத் தயக்கமில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதம் முழுவதையும் படித்தேன். பேத்தர்சென் வந்த இடத்தில் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எறும்பு வந்த இடத்தில், “அத நான் பால்தசார்கிட்ட அப்பவே சொன்னேன், சர்க்கரை வேண்டாம், பாலாடைக்கட்டி கொண்டு போங்கன்னு” என்றார். கடைசிக்கு முந்தைய பத்தியில் கையை உயர்த்தினார்.

“அங்க நிறுத்துங்க. அத இன்னொரு தடவ படிங்க.”

“‘ரொட்டியே ஆனாலும், சட்டப்படியும் வழக்கப்படியும் அது சம்பந்தமே...’”

“அப்போ உங்க வீட்டுக்காரர் எனக்குச் சம்மந்தி.”

“ஆமா.”

“சம்மந்தியோட பொண்டாட்டி எனக்கு யாரு?”

மடத்துப் பள்ளியில் அருட்சகோதரி குளோத்தில்த் எங்களுக்குத் தர்க்கமும் கற்றுக்கொடுத்தார். உறவில்லை என்று சொன்னால், என் கணவர் ஒரு பிடி மாவுக்காகப் பதவியைத் தூக்கி எறிந்த முட்டாள். உறவு என்று சொன்னால், முப்பது ஆண்டுகளாக நான் என் சம்பந்தியை விட்டுவிட்டு ஒரு நாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேசைவிரிப்பைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

“அந்தப் பிள்ளையச் சுட்டப்போ வரிய நெனச்சது பால்தசார்” என்றார் அவர். “நான் நெனச்சது உங்கள. சம்மந்தின்னு கூப்பிட ஊர்ல ஆளே இல்லாத ஒரே பொம்பள நீங்கதான். அந்த நீலத் தொப்பியப் போட்டுக்கிட்டு எங்க போனாலும் தனியாவே நிப்பீங்க. எனக்கு மனசு கேக்கல. தொப்பியும் எனக்குப் புடிச்சிருந்துச்சு.”

“அது சாம்பல் நிறம்.”

“நீலம்.”

“சாம்பல்.”

“சரி சம்மந்தி, சாம்பல்.”

கூடையின் துணியை விலக்கினார். ரொட்டிப் பிள்ளை. சர்க்கரையால் கண்ணாடி வரைந்திருந்தது. தூக்கச் சொன்னார். தூக்கினேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தலையை எப்படித் தாங்க வேண்டும் என்று அவர் காட்டிக்கொடுத்தார். பிறகு பிய்த்துத் தின்றோம். உள்ளே வேகவில்லை, அதைச் சொன்னேன். “அன்னைக்கு அவரும் அதத்தான் சொன்னாரு” என்றார். என் கறுப்பு உடை முழுவதும் மாவு.

ஆகவே, மேலே எழுதியதில் எதையும் அச்சிட வேண்டாம். ரிப்பனின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் இழுப்போம். நிழலில் இரண்டு நாற்காலிகள் போடச் சொல்லுங்கள். சாக்கடையைப் பற்றிய கடிதமும் வராது. மேயர் ரெமெதியோஸின் ஞானப்பிள்ளையாம், மேயரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கட்டுரையைத் திருத்துவதற்காக நேற்று இரவு பென்சிலோடு உட்கார்ந்தேன். சம்பந்தி வீட்டைப் பற்றி வெளியில் சொல்லக் கூடாததையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தபோது, என் கணவரின் அரசியல் வாழ்வில் ரொட்டி எடையும் கல்லீரலும் மட்டுமே மிஞ்சின. கல்லீரல் என்றே இருக்கட்டும். உறுதியான கல்லீரல் அது, தாங்கும்.